காக்கா இல்லாத சுவர்

சமையலறை ஜன்னலைத் திறந்தால் ஒரு மரம், கொஞ்சம் வானம், போகிற வருகிறவர்கள் என்று ஏதாவது கண்ணில் பட வேண்டும். அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் சுவர்தான். பக்கத்துக் கிடங்கின் பின்சுவர், நாலு அடி தள்ளி நிற்கிறது. கட்டியவன் முன்பக்கத்துக்குப் பூச்சு போட்டுவிட்டு, பின்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று செங்கலாகவே விட்டுவிட்டுப் போய்விட்டான். ஜன்னல் வழியாகப் பத்தொன்பது வரி தெரியும். வரிக்குப் பதினொரு கல். ஓரத்தில் எட்டிப் பார்க்கும் அரைக்கல்லை எல்லாம் தள்ளிவிட்டால் இருநூற்றொன்பது. எண்ணிக்கையை யாராவது ஒன்று கூட்டியோ குறைத்தோ சொன்னால் விடமாட்டாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஜன்னலில் நிறுத்தி எண்ண வைத்துத்தான் அனுப்புவாள்.

இந்தச் சுவரைத்தான் அவள் ஆறு வருஷமாக வரைந்துகொண்டிருந்தாள். இந்தச் சுவரை மட்டும்தான். படங்கள் நூறைத் தாண்டிவிட்டன. தெருவில் அவளுக்குச் செங்கல் அக்கா என்று பெயர். வைத்தது யார் என்று தெரியாது, ஆனால் நன்றாக ஒட்டிக்கொண்டது.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் வேலை. ஒருவர் சட்டைக்கை வெட்டுவார், ஒருவர் பட்டன் வைப்பார், இவள் காலர் மட்டும். இருபத்திரண்டு வருஷம் காலர். முழுச் சட்டை ஒன்றை அவள் தைத்ததே கிடையாது. ஒருநாள் மிஷின் ஊசி ஆள்காட்டி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. ஆறு வாரம் வீட்டில் இரு என்றார்கள். வேலைக்குப் போய்ப் பழகிய உடம்புக்குச் சும்மா இருப்பது மாதிரி தண்டனை வேறு இல்லை. மிஷின் சத்தம் அவள் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போதும் ஓடியது, படுத்தாலும் ஓடியது. கட்டிக்கொடுத்துப் போன மகளின் பள்ளிக்கூடத்து வண்ணப் பெட்டி ஒன்று அலமாரியில் கிடந்தது. அதில் காவியும் பழுப்பும்தான் தீராமல் மிச்சம் இருந்தன. எதிரே செங்கல் இருந்தது. கையில் செங்கல் நிறம் இருந்தது. ஒன்றை வரைந்தாள். பக்கத்தில் இன்னொன்று. ஆறாவது கல்லில் தலைக்குள் ஓடிய மிஷின் நின்றது.

அதற்குப் பிறகு விடவில்லை. விரல் ஆறியது, வேலைக்குப் போனாள், ஆனால் காலையில் வெளிச்சம் சுவரில் விழும் அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. ஒரு நாளைக்கு ஒரு வரி. மூச்சை இழுக்கும்போது தூரிகையில் வண்ணம் எடுப்பாள், மூச்சை விடும்போது கல்லை வைப்பாள். ஒரு கல்லுக்குப் பல மூச்சு பிடிக்கும். மூச்சு தடுமாறினால் கல் தடுமாறும். தடுமாறிய கல்லை அழிக்க மாட்டாள், திருத்தவும் மாட்டாள். அன்றைக்கு அந்தக் கல் அப்படி, அவ்வளவுதான். பழைய படம் எதையாவது எடுத்து விரித்தால், இந்தக் கல்லில் பால் பொங்கியது, இந்தக் கல்லில் வாசல் மணி அடித்தது என்று விரல் வைத்துச் சொல்வாள்.

அவள் புருஷன் பேருந்துப் பணிமனையில் பெயின்டர். பேருந்துகளின் நெற்றியில் எண்ணும் ஊரும் எழுதுகிறவர். கோடு போடாமலே நேராக எழுதுவார், அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. பெண்டாட்டி சுவர் வரைவதை அவர் தடுத்ததில்லை. கிண்டல் மட்டும் செய்வார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், எங்கள் வீட்டில் கட்டட வேலை நடக்கிறது, ஆறு வருஷமாக ஒரு சுவர்கூட முடியவில்லை, கொத்தனாரைக் கேட்டால் முறைக்கிறாள் என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். முதுகுக்குப் பின்னால் பேசாத கிண்டல் என்பதால் அது வலிக்கவில்லை.

தொழிற்சாலையில்தான் வாய் அதிகம். பக்கத்து மிஷின் பட்டன்காரி ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"ஏங்க்கா, இங்க எட்டு மணி நேரம் நீங்க காலர், நான் பட்டன்னு ஒண்ணையே தைக்கிறோம். வீட்டுக்குப் போயும் ஒண்ணையே பண்றீங்களே, சலிக்கலையா?"

"இங்க ஒண்ணையே பண்றது அந்தக் கடிகாரத்துக்காக. வீட்ல ஒண்ணையே பண்றது எனக்காக. ரெண்டும் ஒண்ணாடி?"

கடிகாரம் என்பது மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர். மனுஷன் முகத்தைப் பார்த்துப் பேசியதை யாரும் கண்டதில்லை, மணிக்கட்டைப் பார்த்துத்தான் பேசுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் ஓவிய வகுப்பு நடக்கும். நல்ல காகிதம் எங்கே கிடைக்கும் என்று கேட்கப் போனவள் அப்படியே வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு படம் என்றால் அதில் ஏதாவது நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு. படகு வை, பூ வை, தலையில் சுமையோடு ஒரு பெண்ணை நடக்கவிடு. மற்றவர்கள் எல்லாம் வைத்தார்கள். இவள் செங்கல் வைத்தாள். அதுவும் கீழிருந்து மேலே. காகிதத்தில் மேலிருந்துதான் வரைந்து வர வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் வழிந்து கீழே இருப்பது கெடும் என்று அவர் சொன்னதற்கு, மேலிருந்து சுவர் கட்டின கொத்தனாரை எனக்குக் காட்டுங்கள், அன்றைக்கு மாற்றிக்கொள்கிறேன் என்றாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. மாஸ்டர் அதை மறக்கவில்லை.

வருஷக் கண்காட்சி வந்தது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள். ஆளுக்கு ஒரு படம், ஆளுக்கு ஒரு ஆணி. அவள் காட்டிய சுவரைப் பார்த்துவிட்டு மாஸ்டர் தாடையைத் தடவினார். கை சுத்தமாக இருக்கிறது, நிறம் நன்றாக இருக்கிறது என்று நல்லதைச் சொல்லிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பாக்கறவங்க கண்ணு எங்கம்மா போய் நிக்கும்? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. ஒரு காக்காவாவது உக்காரட்டுமே."

"இங்க காக்கா உக்கார்றதில்ல மாஸ்டர்."

"படத்துல உக்காரலாம்ல?"

"உக்காந்தா அது காக்கா படம். நான் வரையறது சுவர்."

அப்படியென்றால் மாட்டுவது சந்தேகம்தான் என்று சொல்லிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அத்தோடு சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருப்பார்கள். அவளுக்கோ அங்கேதான் வீம்பு பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் யாரிடமும் இதை மாட்டு என்று கேட்டதில்லை. இப்போது கேட்டாகிவிட்டது. கேட்ட பிறகு, சுவர் சுவராகவே மாட்டப்பட வேண்டும். வியாழக்கிழமை படம் கொடுக்கக் கடைசி நாள். அவளுக்கு வேலை. புருஷனிடம் படத்தைக் கொடுத்து, கொண்டுபோய்க் கொடுங்கள், மாட்டினால் மாட்டட்டும், முடியாது என்றால் அவரே என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு நூலக மாடி ஏறினாள். கதவுக்கு நேர் எதிரே, நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், அவள் படம். மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு நொடி நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி பார்த்தாள். பதினான்காவது வரியில், வலது பக்கமாகக் காக்கா உட்கார்ந்திருந்தது. கருகருவென்று, பளபளவென்று, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு. கீழே அட்டையில் அவள் பெயர். பக்கத்தில் மாஸ்டர், முகம் முழுவதும் சிரிப்போடு.

"கடைசியில என் பேச்சைக் கேட்டீங்களே, அதுதாம்மா கலைஞருக்கு அழகு. இப்பப் பாருங்க, படத்துக்கு உசுரு வந்துடுச்சு."

அவள் அவரைப் பார்க்கவில்லை. மூலையில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அந்தக் கறுப்பு வீட்டில் உள்ள கறுப்பு இல்லை, பேருந்து எண் எழுதுகிற எனாமல் என்பது அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். படத்தைக் கொண்டுபோகும் வழியில் அவருக்குப் பாவமாக இருந்திருக்கிறது. இவள் இறங்கிவர மாட்டாள், மாஸ்டரும் இறங்கிவர மாட்டார், நடுவில் படம் மூலையில் கிடக்கும். ஒரு காக்காவில் தீருகிற விஷயம். பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மேஜைமேல் படத்தை விரித்து, சின்னத் தூரிகையால் அவரே உட்காரவைத்துவிட்டார். காய்ந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் சுற்றி நின்று, இறக்கையைக் கொஞ்சம் தூக்கு, வால் நீளம் போதாது என்று ஆளாளுக்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

அவள் புருஷன் கிட்டே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏன் இந்த இடத்துல வச்சீங்க?"

"இல்ல... அந்த வரி மட்டும் கொஞ்சம் கோணலா இருந்துச்சு. மத்தது எல்லாம் நேரா இருக்கறப்ப அது தப்பாத் தெரிஞ்சுது. அதான், அது மேலயே உக்கார வச்சா மறைஞ்சுடும்னு."

"அது தப்பு இல்ல. அன்னிக்கு உங்க பொண்ணு அவ ஊர்ல ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தா. போன் வருமா வருமான்னு உக்காந்திருந்தேன். பதினொரு கல்லும் அப்படித்தான் வந்துச்சு."

அன்றைக்கு அவர் பணிமனையில் இருந்தார். மாலை வீட்டுக்கு வந்தபோது போன் வந்து முடிந்து, மகள் பிழைத்து, இவள் சமைத்தும் வைத்திருந்தாள். எப்படி இருந்தாய் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதைத்தான் காகிதத்தில் வைத்தாகிவிட்டதே.

அவள் ஆணியிலிருந்து படத்தைக் கழற்றினாள். மாஸ்டர் பதறி ஓடிவந்தார். வண்ணத்தால் மூடிவிடலாமா என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் எனாமல்மேல் தண்ணீர் வண்ணம் நிற்காது, இலையில் விழுந்த தண்ணீர் மாதிரி உருண்டு ஓடிவிடும். அப்படியே நின்றாலும் மூடி மறைப்பது அவள் வேலை இல்லை. படத்தைப் புருஷன் கையில் கொடுத்தாள்.

"காக்கா நல்லாத்தான் வந்திருக்கு. இது உங்க படம். உங்க பேரைப் போட்டு எங்க வேணா மாட்டிக்குங்க."

மாஸ்டர் விதியைப் பேசினார். வியாழக்கிழமை தாண்டிவிட்டது, புதிதாக எதையும் சேர்க்க முடியாது, ஞாயிறு மாலை பெரிய மனிதர்கள் வருகிறார்கள், கதவுக்கு நேரே வெறும் ஆணி நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்.

"என்ன வேணா நினைக்கட்டும். அட்டையில என் பேர் இருக்கில்ல? அந்த ஆணி எனக்குக் குடுத்ததுதானே? நான் குடுத்தது சுவர். சுவரத்தான் மாட்டுவேன்."

"சுவர் எங்கம்மா இருக்கு?"

"கட்டறேன்."

சொன்னபடி செய்தாள். காவலாளியிடம் ஒரு முக்காலி கேட்டாள். மனுஷன் எதுவும் கேட்காமல் தன்னுடையதையே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். புருஷனை வீட்டுக்கு அனுப்பி வண்ணப் பெட்டியும் காகிதமும் எடுத்துவரச் சொன்னாள். அவர் போன வேகத்தைப் பார்த்தால் சைக்கிளுக்கு இறக்கை முளைத்துவிட்டதோ என்று இருந்தது. தொழிற்சாலைக்குப் பட்டன்காரி மூலம் சொல்லி அனுப்பினாள், மத்தியானமும் வரவில்லை, நாளைக்கும் வரவில்லை என்று. திரும்பி வந்த செய்தி நல்லதாக இல்லை. அப்படியென்றால் திங்கள்கிழமை முதல் காலர் கிடையாது, நூல் வெட்டுகிற பிரிவுக்குப் போகட்டும் என்று கடிகாரம் சொல்லிவிட்டதாம். புதிதாக வருகிறவர்களை உட்காரவைக்கிற பிரிவு அது. இருபத்திரண்டு வருஷத்தை ஒரு வாக்கியத்தில் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள், காகிதத்தின் கீழ் ஓரத்தில் முதல் கல்லை வைத்தாள்.

ஜன்னல் எதிரே இல்லையே, எதைப் பார்த்து வரைவாள் என்று கேட்காதீர்கள். ஆறு வருஷம் பார்த்ததைக் கண்ணை மூடிக்கொண்டும் பார்க்கலாம்.

முதல் நாள் கூட்டம் அவளைச் சுற்றித்தான். படகையும் பூவையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எல்லோரும் இவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். ஒருவர், இங்கே கட்டட வேலையா நடக்கிறது என்று நக்கலாகக் கேட்டார். ஆமாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், சாந்து இன்னும் காயவில்லை என்றாள், திரும்பிப் பார்க்காமலே. அவர் நிஜமாகவே ஓர் அடி பின்னால் போனார். ஆரம்பத்தில் அவள் கை வெறியில் இருந்தது. இரண்டாவது வரியில் கல் எல்லாம் தடித்துப் போயின, கோபம் அப்படியே இறங்கியிருந்தது. அதை அவள் திருத்தவில்லை. மூன்றாவது வரி வந்தபோது யார் நிற்கிறார்கள், யார் போகிறார்கள் என்று தெரியவில்லை. மூச்சு வந்தது, போனது. ஒரு கல், பக்கத்தில் ஒரு கல், நடுவில் சாந்துக்கு விட்ட வெள்ளை.

சனிக்கிழமை, மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துகிற ஓர் அம்மாள் வெகுநேரம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, மெதுவாக, பெரிய ரகசியம் போலச் சொன்னாள்.

"இது தியானம்மா. உங்களுக்கே தெரியாமப் பண்றீங்க."

"தெரிஞ்சுதாங்க பண்றேன். பேருதான் தெரியாது."

புருஷன் மூன்று நாளும் வந்தார். சாப்பாடு கொண்டுவந்தார், தண்ணீர் அழுக்கானால் மாற்றிக் கொடுத்தார், பேச்சு மட்டும் கொடுக்கவில்லை. வாயில்லாமல் அவரை அந்தத் தெருவே பார்த்ததில்லை. ஞாயிறு மத்தியானம், பதினான்காவது வரி ஆரம்பித்தபோது முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் ஒவ்வொரு கல்லாக வைப்பதைப் பார்த்தார். பதினொன்றும் நேராகவே வந்தன. வரி முடிந்ததும் கேட்டார்.

"அன்னிக்கு மாதிரி போடலையா?"

"அது அன்னிக்கு. இன்னிக்கு அவ நல்லா இருக்கா."

"வெறும் சுவர்னு நினைச்சுட்டேன்" என்றார்.

"ஆறு வருஷமா எதிர்லதான் இருக்கு" என்றாள். அதற்குமேல் அவரை அவள் குத்தவில்லை, தூரிகையைக் கழுவப் போய்விட்டாள்.

மாலையில் பெரிய மனிதர்கள் வந்தார்கள். மாஸ்டர் அவர்களைப் படகு, பூ என்று சுவரோரமாகவே நடத்திக்கொண்டு போனார். வெறும் ஆணிக்கு எதிரே வந்ததும் நடையைக் கூட்டினார். அவர்களில் ஒருவர் நின்று, இது என்ன என்று கேட்க, வகுப்பு எப்படி நடக்கும் என்பதற்கு ஒரு சின்ன விளக்கம் என்று சமாளித்தார். அவள் காதிலும் அது விழுந்தது. பத்தொன்பதாவது வரிக்கு நடுவில் இருந்தாள். மூச்சைப் பாதியில் விட்டுப் பதில் சொன்னால் கல் போய்விடும். கல்லை முடித்தாள். திரும்பினாள். அவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

ஐந்து மணிக்குக் கண்காட்சி முடிந்தது. மாஸ்டர் மற்றவர்களின் படங்களைக் கழற்றி அவரவர் கையில் கொடுத்து அனுப்பினார். காவலாளி மின்விசிறிகளையும் விளக்குகளையும் ஒவ்வொன்றாக நிறுத்தினார். நாலு கல் பாக்கி.

"போதும்மா. முடிஞ்ச மாதிரிதான் இருக்கு. எடுத்துட்டுக் கிளம்புங்க."

"மாதிரி வேண்டாம் மாஸ்டர். முடியட்டும்."

"கண்காட்சியே முடிஞ்சு போச்சே. இனிமே மாட்டி யார் பாக்கப் போறாங்க?"

அவள் அடுத்த கல்லுக்கு வண்ணம் எடுத்தாள். இழுத்த மூச்சு உள்ளே இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. கடைசிக் கல்லுக்கு வெளிச்சம் போதவில்லை என்று காவலாளி தான் நிறுத்திய விளக்குகளில் ஒன்றைத் தானாகவே போட்டார். நாலு. அவள் எழுந்தபோது இரண்டு முழங்காலும் நிமிர மறுத்தன. புருஷன் கை கொடுக்க வந்தார். வேண்டாம் என்று தலையசைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நிமிர்ந்தாள். ஈரம் உலரும்வரை காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கொண்டுபோய் அந்த ஆணியில் மாட்டினாள். நாலு பக்கமும் காலியாகக் கிடந்த அறையில் அது ஒன்றுதான் தொங்கியது.

"யார் பாப்பாங்கன்னு கேட்டீங்களே. நாலு பேர் இருக்கோம். பாருங்க" என்றாள்.

பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் பார்க்க ஆரம்பித்த மாஸ்டர், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு கிட்டே போனார். இரண்டாவது வரியில் விரலைக் காட்டி, இங்கே மட்டும் ஏன் இப்படித் தடித்திருக்கிறது என்று கேட்டார்.

"அது உங்க மேல இருந்த கோபம்."

அவர் அடுத்த வரிக்குக் கண்ணை நகர்த்தினார், அதற்கடுத்த வரிக்கும். காவலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, வருத்தத்தோடு மணியைச் சொன்னார். படத்தை இப்போதே கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள் அக்கா, நாளைக்கு அறை வேறு யாருக்கும் இல்லை, ஆனால் பூட்டிவிடுவேன் என்றார்.

"நாளைக்கு முதல் நாள் நூல் வெட்டப் போறேன், காலையில வர முடியாது. சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன். எல்லார் படமும் மூணு நாள் தொங்குச்சு. இது ஒரு நாளாவது தொங்கட்டும்."

மாஸ்டர் தடுக்காமல் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார்.

வண்ணப் பெட்டியைப் பையில் போட்டு, முக்காலியைத் துடைத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, அவள் படியிறங்கினாள். பின்னாலேயே புருஷன். மேலே பூட்டு விழும் சத்தம் கேட்டது.